அவன் குடிக்காத ரோஸ்மில்க்

அவனை நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். பெருங்களத்தூர் பக்கம் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் அவன் டீம் லீட். புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பொறுமையாக வேலை சொல்லிக்கொடுப்பான். மழை நாளில் ரயில் ஓடுகிறதா நிற்கிறதா என்று விசாரித்துச் சொல்வான். ஷிப்ட் முடிய நேரமானால் நாங்கள் கேப் ஏறும்வரை வாசலில் நிற்பான். என் அப்பா ஒருமுறை போனில் அவனிடம் பேசிவிட்டு, "நல்ல குடும்பத்துப் பையன் போலருக்கு" என்றார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு நான் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருந்தவர்கள் இதையேதான் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

ஒரு பெரிய வேலையை முடித்துக் கொடுத்ததற்காக அலுவலகம் எங்களுக்கு ஒரு விருந்து வைத்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தெரிகிற மாதிரி ஒரு ஓட்டலின் மொட்டைமாடியில் இருந்த பார். நானும் என் தோழியும் சாயங்காலமே போய்விட்டோம். தோழி பல்லாவரத்துக்காரி, என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், ஸ்கூட்டர் ஓட்டினால் யாருக்கும் வழிவிடாதவள்.

நான் ஒரு கிளாஸ் ஒயின் குடித்தேன். போலீசிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். என் இஷ்டத்துக்கு, எனக்குப் பிடித்துக் குடித்தது அது. அதற்குப் பிறகு ஆரஞ்சு ஜூஸுக்கு மாறிவிட்டேன். வெயிட்டர் ஜூஸைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான் எழுந்து கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணா எதிர்ப்பக்கத்திலிருந்து என் பக்கத்து நாற்காலிக்கு மாறியிருந்தான்.

"குடிம்மா, ஐஸ் கரையுது" என்றான்.

குடித்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோழி வந்து, அம்மா கூப்பிடுகிறாள், கிளம்புகிறேன் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு தடித்துப்போயிருந்தது. சொல்ல நினைத்த வார்த்தை உள்ளே எங்கேயோ விழுந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அப்புறம் லிப்ட்டின் கண்ணாடியில் ஒரு பெண் தலை தொங்கி நிற்பதைப் பார்த்தேன். அவள் தோளில் ஒரு ஆண் கை இருந்தது. அந்தப் பெண் நான்தான் என்று எனக்குப் புரியவில்லை. அதோடு சரி.

மீதியைத் தோழி சொல்லித்தான் தெரியும். கீழே போனவள் ஹெல்மெட்டை மேலே மறந்துவிட்டதால் பார்க்கிங்கிலிருந்து திரும்பியிருக்கிறாள். அவன் என்னை இடுப்பில் பிடித்துத் தன் கார்ப் பக்கம் நடத்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள்.

"என்னண்ணா ஆச்சு?"

"ஓவரா குடிச்சிட்டா. நான் வீட்ல விட்டுடறேன். நீ கிளம்பு."

"அவ ஒரு கிளாஸ்தான் குடிச்சா. நானும் வரேன்."

"பின்னாடி சீட்ல சாமான் இருக்கு, இடமில்ல."

அவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பின்சீட்டில் எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் அவள் கத்த ஆரம்பித்தாள். பல்லாவரம் சந்தையில் கேட்கிற குரல் அவளுக்கு. ஓட்டல் ஆட்கள் வந்தார்கள், காரெடுக்க வந்த குடும்பங்கள் நின்று பார்த்தன. அவன் என்னை விட்டுவிட்டான். விட்டுவிட்டான் என்றால் அப்படியே கையை எடுத்துவிட்டான். நான் சிமென்ட் தரையில் விழுந்தேன். முட்டி கிழிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தோழி ஒரு ஆட்டோவில் என்னைப் போட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். பணியில் இருந்த டாக்டர் என் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, குடிபோதை என்று எழுதினார். "யாரோ ஏதோ கலந்துட்டாங்க டாக்டர், யூரின் டெஸ்ட் எடுங்க" என்று இவள் கெஞ்சியிருக்கிறாள். "அதெல்லாம் போலீஸ் கேஸும்மா. போலீஸ் லெட்டர் இல்லாம நாங்க எடுக்க முடியாது. குளுக்கோஸ் ஏத்தறேன், காலைல சரியாயிடும்."

சரியாகிவிட்டது. அதுதான் பிரச்சினை. நான் எழுந்து உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டு, அப்பாவுக்குச் சொல்லி, அப்பா வந்து, காவல் நிலையம் போய், அவர்கள் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே மாதிரி எடுப்பதற்குள் என் உடம்பு அவன் கொடுத்ததைக் கழுவி வெளியே தள்ளிவிட்டது. ஆய்வக முடிவு மாதக்கணக்கில் கழித்து வந்தது. எதுவும் இல்லை என்று வந்தது.

காவல் நிலையத்தில் ஒரு பெண் எஸ்.ஐ. என் புகாரை வாங்கிப் படித்தார். கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். சில நாள் கழித்துக் கூப்பிட்டு, பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னும் நடக்கலையேம்மா. நீயும் குடிச்சிருக்கே. ஓட்டல்காரங்களைக் கேட்டோம், கேமரா பதிவு அழிஞ்சு போச்சுங்கறாங்க. இதை வெச்சு நான் என்ன எஃப்.ஐ.ஆர் போடறது? உன் பேர்தான் வெளிய வரும்."

புகார் கிடைத்ததற்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். அவனைக் கூப்பிட்டு விசாரித்ததாகவும் சொன்னார்கள். தங்கச்சி மாதிரி நினைத்துத்தான் உதவப் போனேன் என்று அவன் சொன்னானாம்.

எங்கள் குடும்பம் சேலையூரில் ஒரு காலத்தில் பயிர் வைத்த குடும்பம். இப்போது அந்த நிலத்தில் வாடகை வீடுகள்தான் நிற்கின்றன. அப்பாவும் சித்தப்பாக்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். விஷயம் தெரிந்த அன்றைக்கே கடைசிச் சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"அவன் வூடு எங்க கீது, அத்த மட்டும் சொல்லு. மத்தத நாங்க பாத்துக்கறோம். கால ஒடச்சு வுட்டா அப்புறம் எவளாண்ட போவான்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றே முடிந்திருக்கும். சத்தியமாக ஆசையாகத்தான் இருந்தது. அவன் கால் எலும்பு உடைகிற சத்தத்தை மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். இனிமையாக இருந்தது.

"வேணாம் சித்தப்பா" என்றேன். "கட்டுப் போட்டா கால் சேந்துடும். அவன் பாவம்னு நாலு பேர் பழம் வாங்கிட்டுப் போய்ப் பாப்பாங்க. நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. எனக்கு அது பத்தாது."

"பின்ன இன்னாதான் வேணும் உனக்கு?"

அவன் அண்ணா என்கிற பெயரை இழக்கவேண்டும். அவன் சாப்பாட்டுக்கு முன்னால் உட்காரும்போது பயப்படவேண்டும். அவன் நடந்து வரும்போது பெண்கள் தங்கள் டம்ளரைக் கையால் மூடவேண்டும். இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்ல வரவில்லை. "பொறுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அலுவலகத்தில் பெண்களின் புகாருக்கென்று ஒரு குழு இருந்தது. அவர்கள் முன்னால் நானும் தோழியும் உட்கார்ந்து சொன்னோம். குழுவின் தலைவியாக இருந்த அம்மாள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டார். கடைசியில், போதுமான ஆதாரம் இல்லை, ஆனாலும் இரு தரப்பின் மன அமைதிக்காக என்று சொல்லி அவனை வேறு டீமுக்கு மாற்றினார்கள், என்னை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அவன் மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்குப் போனான். நான் என் படுக்கையறைக்குப் போனேன். இதற்குப் பெயர் சமரசம்.

அந்த மாதங்களில் நான் தண்ணீர்கூட வெளியே குடிக்கவில்லை. வீட்டில் அம்மா காபி கொடுத்தால், அம்மா போட்டதுதானா என்று சமையலறையை எட்டிப் பார்ப்பேன். அம்மா அதைக் கவனித்துவிட்டு, என் எதிரிலேயே காபி கலந்து, முதல் வாயைத் தான் குடித்துவிட்டுத் தர ஆரம்பித்தாள். அப்படி அவள் குடித்துக் காட்டும் ஒவ்வொரு காலையும் எனக்கு அவன்மேல் கோபம் புதிதாக வந்தது.

அப்போதுதான் அவனுடைய நிச்சயதார்த்தப் பத்திரிகை அலுவலகத்து வாட்ஸப் குழுவில் வந்தது. கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை, அனைவரும் வருக. என்னை அந்தக் குழுவிலிருந்து எடுக்க அவன் மறந்திருந்தான். அல்லது நான் வரமாட்டேன் என்று நிச்சயமாக இருந்திருப்பான்.

"போறோம்" என்றேன் தோழியிடம்.

"போய்?"

"வாழ்த்திட்டு வருவோம்."

அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். மல்லிகைப் பூ வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் ஏ.சி., ஜவ்வாது வாசனை, குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலிலேயே வெள்ளை ஜாக்கெட் போட்ட ஆட்கள் தட்டில் ரோஸ்மில்க் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். குடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

மேடையில் அவன் பட்டுவேட்டியில் நின்றான். பக்கத்தில் அந்தப் பெண், சின்ன முகம், நல்ல சிரிப்பு. நான் படியேறுவதை அவன் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் என் கைக்குப் போனது.

"வாழ்த்துகள்ணா" என்றேன். "ரொம்ப நேரமா நின்னுட்டிருக்கீங்க. இந்தாங்க, குடிங்க. ஐஸ் கரையுது."

போட்டோகிராபர், "சார், வாங்கிக்குங்க, அப்படியே ஒரு ஸ்நாப்" என்றார். அவன் வாங்கிக்கொண்டான். வாங்காமல் முடியாது. கேமரா மின்னியது.

"குடிங்கண்ணா" என்றேன் மறுபடியும்.

அவன் டம்ளரை உதடு வரை கொண்டுபோனான். அங்கேயே நின்றுவிட்டான். டம்ளர் சாய்ந்து ரோஸ்மில்க் ஒரு சொட்டு வேட்டியில் விழுந்தது. அவனுக்கு நன்றாகத் தெரியும், ஒரு டம்ளரில் என்ன போட முடியும், அது எப்படி நிறமில்லாமல் மணமில்லாமல் இருக்கும் என்று. அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன, குடிங்களேன்" என்றாள் அந்தப் பெண் செல்லமாக. "ஆசையா குடுக்கறாங்க."

"சுகர்..." என்று ஏதோ சொன்னான்.

"உங்களுக்கேது சுகர்?"

நான் அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கினேன். அத்தனை பேர் பார்க்க, கடைசிச் சொட்டு வரை நானே குடித்தேன். மாதக்கணக்கில் வெளியில் எதையும் தொடாத நான். நல்ல இனிப்பு, ஏலக்காய் போட்டிருந்தார்கள். "ஒன்னும் கலக்கலண்ணா" என்றேன், அவனுக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி. "நான் அந்த மாதிரி ஆள் இல்ல."

இறங்கி வந்துவிட்டோம். தோழி ஸ்கூட்டரை எடுக்க முடியாமல் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஜி.எஸ்.டி. சாலை முழுவதும் அவன் முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரமே அந்தப் பெண் என்னைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாள். பல்லாவரத்தில் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சுற்றிவளைக்கவில்லை.

"அவர் ஏன் அதைக் குடிக்கல?"

சொன்னேன். ஒயினையும் சேர்த்துச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஆதாரம் இருக்கா?"

"இல்ல. டெஸ்ட்ல ஒன்னும் வரல. கேமரா பதிவு இல்லைன்னுட்டாங்க. நீங்க பாத்த முகம்தான்."

அவள் கொஞ்ச நேரம் பப்ஸைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. பிறகு நிமிர்ந்து, "நீங்க அதை என்கிட்ட முன்னாடியே போன்ல சொல்லியிருக்கலாம். உங்களுக்கு அவனைப் பழிவாங்கணும். அதுக்கு என் மேடை வேணும்னு முடிவு பண்ணிட்டீங்க. என் அப்பா இன்னும் அவர் குடிக்காம நின்ன போட்டோவுக்கெல்லாம் சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்லிட்டிருக்காரு" என்றாள்.

"போன்ல சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவள் யோசித்தாள். "இல்ல" என்றாள். "அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு நான் சொல்லமாட்டேன்."

கல்யாணம் நின்றது. அவளே நிறுத்தினாள். எனக்கு நன்றியும் சொல்லவில்லை, அதன்பிறகு கூப்பிடவும் இல்லை. அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த நாள் திரும்பி வந்தாலும் நான் அந்தப் படிகளில் ஏறத்தான் செய்வேன்.

இந்தச் சமயத்தில் நான் மனு எழுத ஆரம்பித்திருந்தேன். அரசின் புகார் இணையதளம், மாவட்ட நிர்வாகம், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை, சுகாதாரத் துறை, போலீஸ் மேலதிகாரிகள், ஒருவரையும் விடவில்லை. மற்றவர்கள் காலையில் விளக்கேற்றுவது மாதிரி நான் காலையில் ஒரு மனு அனுப்பிவிட்டுத்தான் குளிக்கப் போவேன். எல்லாவற்றிலும் இரண்டு கேள்விகள்தான் இருக்கும். மயங்கிக் கிடக்கும் பெண்ணிடம் மாதிரி எடுக்க ஆஸ்பத்திரி ஏன் போலீஸ் கடிதத்துக்குக் காத்திருக்கவேண்டும்? சம்பவம் நடந்த நாளின் கேமரா பதிவை ஒரு பார் எப்படி அழிக்கலாம்? பெரும்பாலும், உங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வரும். உரிய அலுவலர் யார் என்று யாருக்கும் தெரியாது.

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமும் இதே மாதிரி சில புகார்கள் வந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எது காரணமோ, பார்களில் பானத்தில் கலப்பதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு பகுதியிலும் ஓட்டல்காரர்களையும் அதிகாரிகளையும் உட்காரவைத்துப் பேசும்படி அரசு உத்தரவு போட்டது. ஒரு நாள் ஒரு பெண் போலீஸ் அதிகாரி என்னை நேரடியாகப் போனில் கூப்பிட்டார். "உங்க மனுவெல்லாம் என் மேஜைலதான் குவியுது" என்றார். "தாம்பரத்துல கூட்டம் வைக்கிறோம். பாதிக்கப்பட்டவங்க ஒருத்தர் பேசினா நல்லது. வருவீங்களா? பேர் சொல்லவேண்டாம்."

வருவேன் என்றேன். அந்த ஓட்டல் உரிமையாளர் வருவாரா என்று கேட்டேன். எல்லோரும் வரவேண்டும் என்றார்.

பகல் கூட்டம். மின்விசிறி சத்தம் போடும் ஒரு அரசு அரங்கம். முன்வரிசையில் வெள்ளைச் சட்டைகள். அந்த உரிமையாளர் எழுந்து மைக்கை வாங்கிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், எங்க எடத்துக்கு ஃபேமிலி ஆளுங்கதான் வராங்க. பாருக்கு லைசென்ஸ் வாங்கின நாள்லேர்ந்து எங்க மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் கூட கிடையாது."

எனக்கு மைக் தரும்வரை காத்திருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எழுந்துவிட்டேன்.

"என் கம்ப்ளெய்ன்ட் இருக்கு சார்."

அவர் திரும்பினார். "நீ எந்தப் பொண்ணும்மா?"

"உங்க பார்க்கிங்ல கீழ கிடந்த பொண்ணு."

பெண் அதிகாரி என்னை உட்காரச் சொல்லவில்லை. உரிமையாளரைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு எடுத்த பதிவு எங்க?"

"அது தானா அழிஞ்சிரும் மேடம். மேல மேல ரெக்கார்டு ஆயிரும்."

"உங்க பார்க்கிங்ல ஒரு பொண்ணு மயங்கி விழுந்திருக்கா. இன்னொரு பொண்ணு கத்தி ஊரே கூடியிருக்கு. மறுநாள் காலைல நீங்களும் உங்க மேனேஜரும் அந்தப் பதிவை ஒரு தடவைகூடப் போட்டுப் பாக்கல? என்ன முதலாளி சார் நீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயத்தீர்வை அதிகாரி மெதுவாகச் சொன்னார்: "உங்க லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபைல் எங்ககிட்ட நிக்குது. இதைப் பாத்துட்டு அதைப் பாப்போம்."

அந்த மனிதருக்கு வியர்த்ததை நான் பார்த்தேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் மற்ற எதையும் சரியாகக் கேட்கவில்லை. முடிவெடுத்த விஷயங்களைப் பிறகு கூட வந்திருந்த தோழிதான் சொன்னாள். பார்கள் கேமரா பதிவைக் குறிப்பிட்ட காலம் வரை அழிக்கக்கூடாது. புகார் வந்தால் உடனே போலீசிடம் நகல் கொடுக்கவேண்டும். தள்ளாடும் பெண்ணை யாராவது கூட்டிப்போனால் வாசலில் பெண் ஊழியர் விசாரிக்கவேண்டும். ஆஸ்பத்திரிகள் எஃப்.ஐ.ஆருக்குக் காத்திராமல் மாதிரி எடுத்துப் பத்திரப்படுத்தவேண்டும். எல்லாம் நல்ல விஷயங்கள். எனக்கு நடப்பதற்கு முன்னால் செய்திருக்கவேண்டிய விஷயங்கள்.

பார் மூடப்பட்டது. தற்காலிகமாகத்தான். ஆனால் மூடிய வாரமே பதிவு கிடைத்துவிட்டது. மறுநாள் காலையிலேயே மேனேஜர் அதைப் பார்த்து, பின்னால் வம்பு வந்தால் ஓட்டலுக்கு உதவும் என்று தன் லேப்டாப்பில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். அத்தனை மாதமும் அது அங்கேயே இருந்தது. லைசென்ஸ் போய்விடும் என்றதும் முதலாளி அதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். ஓட்டல் பெயரைக் காப்பாற்ற மறைத்ததை, ஓட்டல் லைசென்ஸைக் காப்பாற்ற எடுத்துக் கொடுத்தார்.

அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். அதே பெண் எஸ்.ஐ.தான் கணினியைத் திருப்பி வைத்தார். படத்தில் நான் எழுந்து போகிறேன். அவன் எழுந்து நாற்காலி மாறுகிறான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுக்கிறான். யாரையும் பார்க்காமல், என் டம்ளரின் மேல் கையைக் கொண்டுபோய், ஒரு கரண்டியால் கலக்குகிறான். நிதானமாக. அம்மா எனக்குக் காபி ஆற்றுகிற மாதிரி நிதானம். கரண்டியை டிஷ்யூவால் துடைத்து வைக்கிறான். நான் வருகிறேன். சிரிக்கிறான்.

"மறுபடி போடுங்க" என்றேன்.

"வேண்டாம்மா..."

"போடுங்க மேடம்."

மூன்றாவது முறை பார்த்தபோதுதான் அவன் எவ்வளவு பழக்கமாகச் செய்கிறான் என்று எனக்கு உறைத்தது. இது முதல் தடவை செய்கிற கை இல்லை. அதைச் சொன்னேன். எஸ்.ஐ. என்னைப் பார்க்காமல், "எங்களுக்கும் அப்படித்தான் தோணுது" என்றார். பிறகு, "அன்னைக்கு நான் உன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். நான் கையெழுத்துப் போடவேண்டிய தாளைக் கேட்டேன்.

அவனை அலுவலகத்தில் வைத்துத்தான் கைது செய்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம், கேன்டீனில் எல்லோரும் இருந்தார்கள். நான் அங்கே இல்லையே என்பது எனக்கு இன்றும் தீராத வருத்தம். தோழி போனில் நிமிடத்துக்கு நிமிடம் சொன்னாள். ஒருவரும் அண்ணா என்று கூப்பிடவில்லையாம். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பதிவை மறைத்ததற்காக முதலாளி மேலும் மேனேஜர் மேலும் தனியாக வழக்கு. முதலாளியிடம் நீங்கள் ஒரு நன்றி சொன்னால் நன்றாக இருக்கும் என்று அவருடைய வக்கீல் சொல்லியனுப்பினார். கேட்டுச் சிரித்தேன்.

செய்தி வெளியே வந்தபின் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். எங்கள் அலுவலகத்தில் முன்பு வேலை செய்தவள், காரணம் சொல்லாமல் ஒரு நாள் நின்றுபோனவள். இப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. அவள் வீட்டுக்கே போனேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"என்னையும் ஒரு நாள் கார்ல கொண்டுவந்து விட்டான். நான் குடிச்சதுனாலதான் எதுவும் ஞாபகம் இல்லைன்னு இத்தனை வருஷமா என்னையே திட்டிட்டிருந்தேன். எனக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்காகச் சேர்த்துவைத்த கோபம் அன்றைக்குப் போதாமல் போனது. அவளுடைய கணவர் பக்கத்து அறையில் இருந்தார். எல்லாம் கேட்டிருப்பார் போல. வெளியே வந்து, "வாக்குமூலம் குடுக்க எங்க வரணும் சிஸ்டர்?" என்று கேட்டார். மறுநாள் மூவரும் போனோம், குழந்தையையும் தூக்கிக்கொண்டு.

வழக்கு இப்போது நீதிமன்றத்தில் நடக்கிறது. அவன் ஜாமீனில் இருக்கிறான். வேலை இல்லை. என் சாட்சியம் முடிந்துவிட்டது, அரசு வக்கீல் நான் இனி வரவேண்டியதில்லை என்றார். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறேன். முன்வரிசையில், அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருகிறேன். சில நாள் தோழி வருவாள். சில நாள் கடைசிச் சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து பக்கத்தில் உட்காருவார்.

போன வாய்தாவுக்கு முன்னால் அவன் தரப்பிலிருந்து ஒரு உறவினர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறான், ஊரைவிட்டே போய்விடுகிறான், அவன் வாழ்க்கை வீணாகிறது, நீ பெரிய மனசு பண்ணவேண்டும் என்றார். அப்பா என்னைத்தான் பார்த்தார்.

"என் மனசு சின்னது சார்" என்றேன். "காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் காபியைத் தொடவில்லை.

அந்த வாய்தாவில் அவனுடைய வக்கீல் ஒரு மனு கொடுத்தார். மனுதாரருக்கு உடல்நலம் சரியில்லை, வெளியே வந்தால் ஆட்கள் அடையாளம் கண்டு பேசுகிறார்கள், மன உளைச்சல், ஆகையால் நேரில் வருவதிலிருந்து விலக்கு வேண்டும் என்று. நீதிபதி ஒரு முறை படித்தார். தள்ளுபடி என்றார். ஒவ்வொரு முறையும் நேரில் வரவேண்டும் என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். போட்டிருந்த முகக்கவசத்துக்கு வெளியே காது மட்டும் சிவந்து தெரிந்தது.

வெளியே வந்ததும், நானும் தோழியும் எதிரே இருந்த கடையில் பிரியாணி சாப்பிட்டோம். எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த வாய்தாவுக்கு லீவு கேட்டு அங்கிருந்தே மெயில் அனுப்பினேன்.